புதுப்பிப்பு: எம் மவுண்ட் லென்ஸ்களுக்குக் கட்டுப்படியாகும் டிஜிட்டல் பாடி

முன்பு எழுப்பிய கேள்வி இதுதான்: லைக்கா ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களுக்கான 28, 35, 50 மி.மீ. எம் மவுண்ட் லென்ஸ்களுக்குக் குறைந்த செலவில் எந்த ஃபுல் ஃபிரேம் பாடி (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்ட கேமரா)? அப்போது பழைய சோனி ஏ7 மார்க் 2 என்று சொல்லியிருந்தேன். இப்போது என் தேர்வு, செகண்ட் ஹேண்ட் நிக்கான் இசட்5.

காரணம், சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி. சோனியில் அது ஏறக்குறைய 2 மி.மீ. தடிமன், நிக்கான் இசட் வரிசையில் அதைவிட நன்றாக மெலிந்தது. ரேஞ்ச்ஃபைண்டர் வைட் லென்ஸின் (28 போன்ற அகலக் கோண லென்ஸின்) பின்பகுதி சென்சாருக்கு மிக அருகில் வருவதால், ஓரக் கதிர்கள் சாய்ந்து விழும். தடித்த கண்ணாடி அவற்றை விலக்கிவிடும், மூலைகள் குழைந்துபோகும். அபர்ச்சரை எஃப் 8 வரை மூடினாலும் முழுதாகத் தெளியாது. இசட்5-இலும் இது அறவே போகாது, குறையும். 50, 90 மட்டும் வைத்திருப்பவர்கள் தயங்காமல் ஏ7 மார்க் 2 வாங்கலாம்.

லைக்கா எம்8-ஐயும் பரிசீலிக்கலாம்தான். ஆனால் அதன் சென்சார் சிறியது; 1.33 கிராப்பில் 28 மி.மீ. லென்ஸ், சுமார் 37 மி.மீ. லென்ஸின் பார்வைக் கோணத்தையே தரும். கறுப்புத் துணி ஊதாவாகத் தெரியாமலிருக்க ஒவ்வொரு லென்ஸுக்கும் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் வேண்டும்.

லென்ஸை பாடியோடு இணைக்கும் அடாப்டரில் கவனம் தேவை. எம் ஃபிளேஞ்ச் தூரம் (மவுண்டிலிருந்து சென்சார் வரையான இடைவெளி) 27.8 மி.மீ., இசட்டுக்கு 16. எனவே அடாப்டரின் தடிமன் 11.8. இம்மி கூடினாலும் இன்ஃபினிட்டி ஃபோகஸ் போய்விடும், அதாவது வெகுதொலைவு தெளியாது. சற்றே குறைந்தால் பாதகமில்லை, தூர அளவுகோல் மட்டும் பொய் சொல்லும்.

லென்ஸை மாற்றும்போதெல்லாம் மெனுவில் ஃபோகல் லென்த்தையும் மாற்றுங்கள்; இல்லாவிட்டால் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷன் தவறாகக் கணக்கிட்டுப் படத்தை மங்கச் செய்யும். குழல் உள்ளே மடங்கும் வகை லென்ஸை பாடியில் மாட்டியபடி உள்ளே தள்ளவே தள்ளாதீர்கள்.