அந்நியபாஷை ஓய்ந்ததா? வருகை எப்போது? நீங்கள் பார்த்த வாக்குவாதங்களைச் சொல்லுங்கள்

எங்களுக்குத் திருநெல்வேலி. அப்பா சி.எஸ்.ஐ., பெரியப்பா சகோதர சபை, அத்தை பெந்தெகொஸ்தே. கல்யாண வீடோ துக்க வீடோ, பந்தி முடிந்தால் வேதப்புத்தகம் விரிந்துவிடும். போன கிறிஸ்துமஸில் பேச்சு அந்நியபாஷை பற்றி வந்தது, அதாவது கற்காத மொழியில் ஆவியால் பேசும் வரம். பெரியப்பா 1 கொரிந்தியர் 13-ஐ எடுத்தார். "அந்நியபாஷைகளானாலும் ஓய்ந்துபோம்னு பவுலே எழுதிட்டாரே!" வேதாகமம் முழுமையானதோடு இப்படிப்பட்ட வரங்களின் வேலை முடிந்தது என்பது அவர் கட்சி. அத்தை விடவில்லை. "அதே வசனத்துல அறிவும் ஒழிஞ்சுபோம்னு இருக்குண்ணே. அது ஒழிஞ்சிட்டா?" எல்லோரும் சிரித்தோம். பெரியப்பாவும்தான், கொஞ்சம் தாமதமாக.

பேச்சு இயேசுவின் இரண்டாம் வருகைப் பக்கம் திரும்பியதும் இரண்டு பேரும் ஒரே அணி! இரகசிய வருகை (இயேசு விசுவாசிகளை மேலே எடுத்துக்கொள்வது), ஏழு வருட உபத்திரவம், ஆயிர வருட அரசாட்சி என்று ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டார். இந்த வரிசையை 19-ஆம் நூற்றாண்டில் பரப்பியவர்களில் முக்கியமானவர் சகோதர சபையின் ஜான் நெல்சன் டார்பி. பெந்தெகொஸ்தேக்காரர்கள் சுவரில் மாட்டியிருக்கும் கடைசிக்கால அட்டவணையும் அங்கிருந்து வந்ததுதான். வரங்கள் ஓய்ந்தன என்பவர்களிடமே அதை வாங்கியிருக்கிறார்கள்.

அப்பா அதுவரை வாய் திறக்கவில்லை. "1860-ல நம்ம ஜில்லாவிலேயே அருளப்பன் ஐயா ஊழியத்துல அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் இருந்துதே. பெந்தெகொஸ்தே இயக்கம் பரவக் காரணமான அசூசா தெரு எழுப்புதல் அமெரிக்காவுல 1906-லதான. அந்த ஐயாவோ, சகோதர சபையைத் தொடங்குனவங்கள்ல ஒருத்தரான குரோவ்ஸோட சீடர்" என்றார். பெரியப்பா "அது வேற" என்று சொல்லிவிட்டு காபி கேட்டார்.

———

அந்நியபாஷைக்காரர்கள்தான் வருகைக்குத் தேதி குறிப்பார்கள் என்று நம்மவர்கள் நினைப்பது சரியில்லை. 2011-ல் நான் கலிபோர்னியாவில் இருந்தேன். 'மே 21 நியாயத்தீர்ப்பு நாள்' என்று சாலையெங்கும் பெரிய பலகைகள். அதைச் சொன்ன ஹெரால்ட் கேம்பிங், அந்நியபாஷையை அறவே ஏற்காதவர். அவருக்கு எல்லாமே கணக்கு. ஜலப்பிரளயம் கி.மு. 4990, அதிலிருந்து 7000 வருடம். மே 21 சும்மா போனதும் அக்டோபர் 21 என்றார். அதுவும் போனது. என்னோடு வேலை பார்த்த ஒருவர் அந்த மே மாதம் முழுக்கத் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். திங்கட்கிழமை வழக்கம்போல வேலைக்கு வந்தார். நாங்கள் யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. 'அந்த நாளையும் அந்த நாழிகையையும்' ஒருவனும் அறியான் என்ற வசனம் அவருக்கும் தெரியாமலா இருந்திருக்கும்?

———

மேலே உள்ளது சரிதான், ஆனால் எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. அருளப்பன் காலத்து எழுப்புதல் திருவிதாங்கூருக்கும் பரவியது. அங்கே தமிழ் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான வித்வான் குட்டி என்ற ஜஸ்டஸ் ஜோசப், 1881-ல் கர்த்தர் வருவார் என்றார். வரவில்லை. அவரோடு நின்றவர்கள் யுயோமய சபை என்று தனியாகப் போனார்கள். ஆனால் அவர் எழுதிய மலையாளப் பாட்டுகளை மற்ற சபைகள் விடவில்லை. கொல்லத்தில் ஒரு மார்த்தோமா ஆராதனையில் நானே கேட்டேன். பக்கத்தில் இருந்தவருக்கு 1881 பற்றி எதுவும் தெரியாது.