எலக்ட்ரிக் கார் சார்ஜர் இரவில் ‘எர்த் ஃபால்ட்’ காட்டி நிற்கிறது: நியூட்ரல் கோளாறா?

இடம் பொள்ளாச்சி பக்கம், தனி வீடு, சிங்கிள் ஃபேஸ். 2022 மாடல் கார், கூடவே வந்த 15 ஆம்பியர் போர்ட்டபிள் சார்ஜர். பகலில் ஒழுங்காக ஏறுகிறது. மாலை ஏழு மணிக்கு மேல் போட்டால் கால் மணி நேரத்துக்குள் சிவப்பு விளக்கு. இரண்டு மாதமாக இதே கதை.

சர்வீஸ் சென்டரில் “எர்த்திங் சரியில்லை” என்கிறார்கள். எதற்கெடுத்தாலும் அதே பதில்தான். புது எர்த் பிட் போட்டாச்சு, எர்த் மெக்கரில் (எர்த் தடை அளக்கும் மீட்டர்) 2.8 ஓம். சாக்கெட், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டும் மாற்றியாச்சு. மீட்டரிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் தாமிர வயர் தனியாக இழுத்தாச்சு. வேறொரு வீட்டில் இதே சார்ஜர் இரவு முழுக்க ஓடியது.

இரவில் மீட்டர் இன்கமிங்கில் எடுத்த அளவு: லோடு இல்லாமல் நியூட்ரல்–எர்த் 7 வோல்ட். சார்ஜர் போட்டதும் 22. ஃபேஸ்–நியூட்ரல் 226லிருந்து 209க்கு இறங்குகிறது. ஃபேஸ்–எர்த் அநேகமாக அசையவே இல்லை. அதாவது இறக்கம் கிட்டத்தட்ட முழுக்க நியூட்ரலில். மெயினை அணைத்தாலும் அந்த 7 போகவில்லை. வீட்டுக்குள் எந்த ஜாயின்ட்டும் சூடாகவில்லை.

காரில் கரண்ட்டை 8 ஆம்பியராகக் குறைத்தால் நிற்காமல் ஏறுகிறது, ஆனால் காலைக்குள் நிரம்பாது. பகலில், சூரிய மின்சாரம் லைனில் இருக்கும்போது ஏற்றுவதுதான் நல்லது. ஆனால் கார் அப்போது பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை.

கம்பத்தில் நம் சர்வீஸ் வயரின் நியூட்ரல் ஜாயின்ட் லூஸா, அல்லது தெரு லைனின் நியூட்ரலே பலவீனமா என்பதை, கம்பம் ஏறாமல் எந்த அளவீட்டை வைத்துப் பிரித்துச் சொல்லலாம்?