அம்மா வீட்டுத் திண்ணையில் கேமரா: அக்கறையா, வேவா?

பனங்கிழங்கு:
உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். அப்பா இல்லை. அம்மாவுக்கு 68 வயது, தனியாக இருக்கிறார். நாலு ஆடு, கொஞ்சம் கோழி. நான் அம்பத்தூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். போன மார்கழியில் துவைகல் பக்கம் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல் ஒரு மணி நேரம் கிடந்திருக்கிறார். தீப்பெட்டி கேட்டு வந்த பக்கத்து வீட்டு அத்தைதான் பார்த்துத் தூக்கியது. பொங்கலுக்குப் போனபோது சிம் போட்ட கேமரா ஒன்றைத் திண்ணை உத்தரத்தில் மாட்டிவிட்டு வந்தேன். வாசலும் முற்றமும் முழுதாகத் தெரியும். பத்து நாள்தான். பதினோராம் நாள் போனைத் திறந்தால் ஒரே கறுப்பு. கேமரா மேல் அம்மா துண்டைப் போட்டு மூடியிருக்கிறார். கேட்டால் "தூசி அடையுதுப்பா" என்கிறார். நான் செய்ததில் தப்பு இருக்கிறதா?

கீழக்கரைப் புறா:
தப்பே இல்லை சகோ. ஷார்ஜாவில் உட்கார்ந்து சொல்கிறேன். எங்கள் வாப்பா சவுதிக்குப் போன காலத்தில் கேசட்தான். உம்மா பேசிப் பதிவுபண்ணி, ஊரிலிருந்து யாராவது பயணம் கிளம்பினால் கொடுத்துவிடுவார்கள். போய்ச் சேர மாதக்கணக்காகும். உம்மா பேசியதை விட, பின்னால் கேட்கிற சத்தத்துக்காகத்தான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பேன் என்று வாப்பா சொல்லியிருக்கிறார். அம்மி அரைக்கிறது, காக்கா கத்துகிறது, தங்கச்சி அழுகிறது. அப்புறம் எஸ்டிடி பூத் வந்தது. செல்போன் வந்த புதிதில் வருகிற அழைப்புக்கும் காசு பிடித்தார்கள், 2003இல்தான் அது ஒழிந்தது.

இன்றைக்கு அந்தப் பின்னணிச் சத்தத்தை எனக்குக் கேமரா தருகிறது. போனில் "சாப்பிட்டேன்ப்பா" என்று உம்மா சொல்லுவா. கேமராவில் பார்த்தால் மத்தியானம் வரை அடுப்படிப் பக்கமே போயிருக்க மாட்டா. குரல் எதையும் மறைத்துவிடும்.

ஒரு தடவை சுளகில் உலர்த்தியிருந்த அரிசியைக் கோழி கொத்துவதைப் பார்த்து, கேமரா ஸ்பீக்கரில் "சூ! சூ!" என்று இங்கிருந்து விரட்டினேன். கோழி அசையவில்லை. உம்மாதான் பயந்து சுளகைத் தட்டிவிட்டா. அந்த அளவுக்குப் போகாதீர்கள்.

பாசிக்காரி மகள்:
தம்பி பனங்கிழங்கு, தூசிக்காக யாரும் துண்டு போடுவதில்லை.

எங்கள் அம்மா கடல்பாசி எடுக்கிறவர். கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு முங்குவார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாதத்தில் 12 நாள்தான் போவது என்று பெண்களே கூடிப் பேசி வைத்துக்கொண்ட கணக்கு. மற்ற நாள்களில் அந்தக் கூட்டம் இருக்கிற இடம் எங்கள் வீட்டு முற்றம். கடலிலிருந்து வந்தால் உப்புத் தண்ணீரோடு முற்றத்தில்தான் நிற்பார்கள். ஓலைத் தட்டி மறைவில்தான் குளியல். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு கால் புண்ணுக்கு மஞ்சள் வைப்பார்கள். நகரத்து வீட்டில் ஹாலில் கேமரா இருந்தால் படுக்கையறைக்குப் போய்விடலாம். எங்கள் ஊரில் பாதி வாழ்க்கை வாசலில்தான். அங்கே கேமரா வைத்தால் மிச்சம் என்ன இருக்கிறது?

என் அண்ணனும் மாட்டினார். ஒரு நாள் எதிர்வீட்டு மைனி ஏதோ மனசில் வைத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். பேச வாயெடுத்தவர் மேலே பார்த்தார், சிவப்பு லைட். "சும்மா வந்தேன் மதினி" என்று சேலையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதற்கப்புறம் வாசலோடு சரி.

உங்கள் அம்மாவைத் தூக்கிவிட்டது பக்கத்து வீட்டு அத்தை. அவரை வரவிடாமல் செய்கிற ஒன்றை மாட்டிவிட்டு வந்திருக்கிறீர்கள்.

வடகடல்:
ஊரிலேயே இருக்கிறவன் சொல்கிறேன், இரண்டு பேரும் இங்கே நடக்காததைப் பேசுகிறீர்கள்.

முதலில் புறா அண்ணே. வாடைக் காற்று எழும்பினால் கரண்ட் போகும், டவர் போகும். கேமரா தேவைப்படுகிற ராத்திரியில்தான் கேமரா இருக்காது. எங்கள் வீட்டுக்குள் ஒரு புள்ளி சிக்னல் கிடையாது. ஆனால் தனுஷ்கோடிக்குப் போனால் இலங்கைக்கு வரவேற்கிறோம் என்று மெசேஜ் வருகிறது, என்ன சொல்ல.

அடுத்து அக்காவுக்கு. பக்கத்து வீடு, பக்கத்து வீடு என்கிறீர்கள். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டு. மிச்ச வீட்டில் இருப்பவர்களும் அறுபதைத் தாண்டியவர்கள். யார் விழுந்தால் யார் தூக்குவது? அந்த அத்தை தீப்பெட்டி கேட்டு வந்தது அதிர்ஷ்டம். வீட்டில் தீப்பெட்டி இருந்திருந்தால்? அப்புறம், பக்கத்து வீட்டுக்காரி என்ன கண்ணை மூடிக்கொண்டா இருப்பாள்? அவளும் கேமராதான். ரெக்கார்டிங் மட்டும் இல்லை, ஒளிபரப்பும் உண்டு.

பாசிக்காரி மகள்:
ஒளிபரப்பு உண்டுதான், மறுக்கவில்லை :) ஆனால் அவள் எங்கள் அம்மாவைப் பார்த்தால், எங்கள் அம்மாவும் அவளைப் பார்க்கிறார். சண்டை போடலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். உத்தரத்தில் இருக்கிற கண்ணோடு எப்படிச் சண்டை போடுவது? போனில் பேசும்போது "நீ ஏன் நேத்து மத்தியானம் படுத்தே கிடந்தே" என்று அண்ணன் கேட்பார். அம்மா குற்றவாளி மாதிரி பதில் சொல்லுவார். அதுவரை மகனோடு பேசிக்கொண்டிருந்தவர்.

கீழக்கரைப் புறா:
அப்படிக் கேள்வி கேட்டது உங்கள் அண்ணன் தப்பு லாத்தா, கேமரா தப்பில்லை. நான் பார்ப்பதைச் சொல்லிக் காட்டுவதே இல்லை.

பாசிக்காரி மகள்:
சொல்லாமல் பார்ப்பதற்குத்தான் வேவு என்று பெயர் அண்ணே.

வடகடல்:
ஆஹா.

சரி, கேமரா இல்லாமல் நாங்கள் என்ன செய்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மாவுக்கு ரேடியோ. பாம்பனில் கடல் ஓசை 90.4, 2016இல் மீனவர்களுக்காக ஆரம்பித்தது. காற்று எப்படி, கடலுக்குப் போகலாமா என்று சொல்லுவார்கள், நடுநடுவே பாட்டு. சாயங்காலம் அம்மா சத்தமாக வைப்பார். நான் வீட்டில் இல்லாத நாளில் அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் கீழவீட்டுப் பையன் எட்டிப் பார்க்க வேண்டும், அது எங்களுக்குள் பேச்சு. அவனுக்கு மாதம் ஒரு ரீசார்ஜ் நான் போட்டுவிடுகிறேன். பாசத்துக்கு வருகிறானா ரீசார்ஜுக்கு வருகிறானா என்று நான் ஆராய்வதில்லை.

பனங்கிழங்கு:
இரண்டு வாரமாகப் பதில் போடவில்லை, மன்னிக்கவும். ஊருக்குப் போயிருந்தேன். அம்மாவிடம் நேராகவே கேட்டேன், "பிடிக்கலையாம்மா?" என்று. ஆட்டுக்குக் கருவேலங்காய் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீ என்னைப் பாக்குற. நான் உன்னை எங்க பாக்க? நீ சாப்பிட்டியா இல்லையான்னு எனக்கு எந்தக் கேமரா காட்டும்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. பாசிக்காரி மகள் அக்கா சொன்னதும் சரிதான், அத்தை ஒரு மாதமாகத் திண்ணைக்கு வரவே இல்லையாம். கேமராவைக் கழற்றிப் பைக்குள் வைக்கப் போனேன். அம்மா விடவில்லை. "அதை ஆட்டுக் கொட்டகையில மாட்டு, நாய் வருது. போன வாரம் குட்டி ஒண்ணு போச்சு" என்றார். மாட்டிவிட்டேன். படத்தை அத்தை மகன் போனிலும் வருகிற மாதிரி வைத்துக் கொடுத்தேன். இப்போது அம்மா ராத்திரி எட்டு மணிக்கு ஆட்டை எண்ணுகிற சாக்கில் கொட்டகைக்குள் வந்து, கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறார். நானும் மெஸ்ஸில் தட்டை வைத்ததும் அதைப் படம் எடுத்து அந்தப் பையனுக்கு அனுப்புகிறேன், அவன் அம்மாவிடம் காட்டுகிறான். நேற்று தட்டில் அப்பளம் இல்லையே என்று கேட்டாராம்.

ஒரு சந்தேகம். கொட்டகை கடலைப் பார்த்த பக்கம். அதற்குள் ஸ்க்ரூ எல்லாம் துரு ஏறிவிட்டது. நீங்கள் என்ன போடுகிறீர்கள்?

வடகடல்:
ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்குங்கள், மேலே கிரீஸ் தடவி விடுங்கள். போட்டுக்கு நாங்கள் அதைத்தான் செய்கிறோம். பெயின்ட் அடித்து நம்பாதீர்கள் தம்பி, உப்புக்காற்றுக்கு அது ஒரு மாதம் தாங்காது.