டிரையத்லான் பயிற்சி, ஃப்ளை ஃபிஷிங், நாய்களோடு மலை: மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஈரக்கால் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னும் 14 வாரத்தில் எனக்கு அரை தூர டிரையத்லான் ஒன்று இருக்கிறது. 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், அப்புறம் 21.1 கி.மீ. ஓட்டம். பயிற்சிக்கு மட்டும் வாரத்துக்கு ஒன்பது பத்து மணி நேரம் போகிறது. திங்கள் முதல் வெள்ளி வரை வேலை, சனிக்கிழமை நீண்ட சைக்கிள், ஞாயிறு நீண்ட ஓட்டம். அதோடு வாரம் தீர்ந்துவிடுகிறது.

வீட்டில் இரண்டு நாய்கள். கருப்பிக்கு ஐந்து வயது, மலை என்றால் உயிர். இன்னொன்று ஒன்பது மாதக் குட்டி, பெரிய ஜாதி, இப்போதே 30 கிலோ. முன்பெல்லாம் வாராவாரம் மலைக்குப் போவோம், வழியில் ஓடை இருந்தால் டிரவுட் மீனுக்குத் தூண்டில் போடுவேன், கருப்பி கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போது சைக்கிள் ஷூவை எடுக்கிற சத்தம் கேட்டாலே எனக்கும் வாசல் கதவுக்கும் நடுவில் வந்து படுத்துக்கொள்கிறாள். அவளைத் தாண்டிக்கொண்டுதான் வெளியே போக வேண்டியிருக்கிறது. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தூண்டில் கோலைத் தொட்டு ஆறு வாரம் ஆகிறது. போன வாரம் ஒரு நாள் எப்படியோ மாலையில் நேரம் கிடைத்து ஓடைக்குப் போனேன், அன்று காலையில்தான் 3 கி.மீ. நீந்தியிருந்தேன், அரை மணி நேரம் வீசியதும் வலது தோளில் முன்பக்கம் பிடித்துக்கொண்டது.

என் யோசனை இது: நாய்களோடு மலைப்பாதையில் ஓடியே ஓடை வரைக்கும் போய், இரண்டு மணி நேரம் மீன் பிடித்துவிட்டு, திரும்பவும் ஓடி வந்தால் மூன்றும் ஒரே நாளில் முடிந்துவிடுமே? யாராவது இப்படிச் செய்கிறீர்களா? போட்டியை விட மனசில்லை, மற்ற இரண்டையும் விட மனசில்லை.

மேட்டுவழி பதில்:

நண்பரே, எட்டு வருஷமாக இதே மூன்றையும் வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறேன், அதனால் உங்கள் நிலைமை நன்றாகவே புரிகிறது. மூன்றையும் ஒரே நாளில் கட்டும் யோசனையை நானும் முதல் வருஷம் செய்து பார்த்தேன். ஓட்டம் பயிற்சியாக இருக்காது, நாய் மோப்பம் பிடிக்க நிற்கும்போதெல்லாம் நமக்கு எரிச்சல் வரும், ஓடைக்குப் போய்ச் சேர்ந்தால் வெயில் ஏறியிருக்கும், மீன் ஆழத்துக்குப் போயிருக்கும். மூன்றுமே அரைகுறை.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். எதை நகர்த்த முடியாதோ அதை முதலில் நாட்காட்டியில் எழுதுங்கள். ஓடையை நகர்த்த முடியாது, நாயை நகர்த்த முடியாது. டிரவுட்டுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும். நீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது, கடல் மட்டத்தில் 10 டிகிரி நீரில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் கரையும் என்றால் 20 டிகிரியில் 9தான். 18ஐத் தாண்டும்போதே மீனை இழுத்து விளையாட்டுக் காட்டாமல் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்து விட்டுவிட வேண்டும், 20ஐத் தொட்டால் நான் கோலைச் சுருட்டிவிடுவேன். நீங்கள் பத்திரமாக விட்டாலும் அந்தச் சூட்டில் களைத்த மீன் பிழைக்காமல் போகலாம். ஆக வெயில் காலத்தில் ஓடைக்கு உகந்த நேரம் விடியற்காலை. நாய்க்கும் அதே விடியற்காலைதான் நல்லது. சைக்கிள் அப்படியா? ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குள் சைக்கிளை டிரெய்னர் ஸ்டாண்டில் மாட்டி நின்ற இடத்திலேயே மிதித்தாலும் கால் அதே வேலையைத்தான் செய்யப்போகிறது.

அதனால் சனிக்கிழமை விடியலை ஓடைக்கும் நாய்க்கும் கொடுங்கள். நீண்ட சைக்கிள் ஞாயிற்றுக்குப் போகட்டும். நீண்ட ஓட்டத்தை வாரத்தின் நடுவில் ஒரு நாள் வேலைக்கு முன்னால் வையுங்கள், ஒன்றரை மணி நேரம் ஓட நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும்தான், ஆனால் வாரத்தில் ஒரு நாள்தானே. சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஓடிப் பழகுகிற பிரிக் பயிற்சியை ஞாயிறு சவாரியின் கடைசியில் 20 நிமிஷம் சேர்த்துவிட்டால் அதற்கென்று தனி நாள் தேவையில்லை.

மலைநாளை மூன்று வாரம் கடினம், ஒரு வாரம் லேசு என்ற கணக்கில் அந்த லேசான வாரத்தில் வைப்பவர்கள் நிறைய பேர். நான் மாட்டேன். மலை ஏறுவது இதயத்துக்கு அருமையான மெதுப் பயிற்சி, ஆனால் இறக்கம் தொடையைப் பிழிந்துவிடும், வலி இரண்டாம் நாள்தான் உச்சத்துக்கு வரும். அது ஓய்வு ஆகாது. லேசான வாரத்துக்கு முந்தைய வாரக் கடைசியில் வையுங்கள், நீண்ட சைக்கிளுக்குப் பதிலாகவே. நேரக் கணக்கும் சரியாகப் போடுங்கள். 1892இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன பழைய கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 12 கி.மீ., 900 மீட்டர் ஏற்றம் என்றால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நாய்க்கு நிழல், தண்ணீர், ஓய்வு எல்லாம் சேர்த்து ஐந்தரை என்று வைத்துக்கொண்டு, மதியத்துக்கு மேல் இடி மின்னல் கூடும் முன் முகட்டை விட்டு இறங்கிவிடுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம் பயிற்சியைக் குறைப்போம் இல்லையா, அந்த மிச்ச நேரம்தான் உங்கள் மீன்பிடி காலம். மலை வேண்டாம், வழுக்குப் பாறை மேல் நடந்து நீருக்குள் இறங்கவும் வேண்டாம், கணுக்கால் பிசகினால் 14 வார உழைப்பும் போச்சு. தட்டையான கரையில் நின்று வீசுங்கள். எனக்கு வருஷத்தின் மிக நல்ல மாலைகள் அந்த இரண்டு வாரத்தில்தான் கிடைக்கின்றன.

நாலுகால் பதில்:

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் குட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒன்பது மாதப் பெரிய ஜாதிக் குட்டியை ஓட வைக்காதீர்கள். எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு மூட இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது, பெரிய ஜாதிகளில் ஒன்றரை வயது வரைக்கும்கூட ஆகும். எப்போது ஓடலாம் என்று உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். அதுவரை குட்டி தன் விருப்பத்துக்கு விளையாடட்டும், நம் வேகத்துக்கு மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டு போக வேண்டாம். 900 மீட்டர் ஏறி இறங்குவதும் அதற்கு அதிகம்தான். ஓடைக்கரைக்குக் கூட்டிப் போங்கள், அங்கே உட்காரவும் காத்திருக்கவும் பழகட்டும், அதுவே பெரிய பாடம்.

கருப்பி ஓடலாம், ஆனால் உங்கள் லேசான ஓட்டத்தில் மட்டும். வேக ஓட்டத்துக்கு அவளைக் கூட்டிப் போனால் நிற்க வேண்டிய நேரத்தில் அவள் நிற்க மாட்டாள், உங்களை விட்டுப் பிரியக்கூடாது என்று ஓடிக்கொண்டே இருப்பாள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். நாக்கு அகலமாகத் தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே நிழல், உடம்பில் குளிர்ந்த தண்ணீர், அப்புறம் மருத்துவர். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அன்று பாதத்துக்கும் ஆகாது.

கடைசியாக முக்கியமான ஒன்று. டிரையத்லான் ஆட்களின் பையில் இருப்பதில் பாதி நாய்க்கு ஆபத்து. பயிற்சியின்போது சாப்பிடுகிற சில ஜெல், உப்பு மாத்திரை, சூயிங்கம் இவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும். அது நாய் உடம்பில் இன்சுலினைக் கொட்ட வைத்துக் கொஞ்ச நேரத்திலேயே சர்க்கரையைத் தரைமட்டத்துக்கு இறக்கிவிடும், கல்லீரலும் பாதிக்கும். உலர்திராட்சை, சாக்லேட், நாம் போடுகிற வலி மாத்திரை ஐபுப்ரொஃபென் எல்லாமே நாய்க்கு நஞ்சுதான். மலைக்குப் போகிற பையும் போட்டிப் பையும் எங்கள் வீட்டில் தனித்தனி, போட்டிப் பை ஆணியில் உயரத்தில் தொங்கும்.

தங்கூசி பதில்:

தோள் வலிக்கு வருகிறேன், ஏனென்றால் அதே இடத்தில் எனக்கும் வந்தது. நீச்சலில் கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகும்போது வேலை செய்கிற அதே சின்னத் தசைகள்தான் தூண்டில் வீசும்போதும் வேலை செய்கின்றன. 3 கி.மீ. நீந்திவிட்டு அன்றே வீசினால் களைத்த தசையை மறுபடி வேலை வாங்குகிறோம். நீச்சலும் ஓடையும் ஒரே நாளில் வர வேண்டுமானால் ஓடை முதலில், நீச்சல் பிறகு, அதுவும் சின்ன நீச்சல். இரண்டு வாரம் இப்படிச் செய்தும் வலி குறையவில்லை என்றால், அல்லது ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை என்றால், பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

வீசும் முறையையும் ஒருமுறை பாருங்கள். களைப்பாக இருக்கும்போது முழங்கை விலாவை விட்டு விலகி மேலே போய்விடும், கையை முழுசாக நீட்டித் தோளால் வீச ஆரம்பித்துவிடுவோம். ஃப்ளைக்கு, அதாவது பூச்சி போலக் கட்டிய போலி இரைக்கு, கனம் கிடையாது, லைன் என்கிற தூண்டில் கயிற்றின் கனம்தான் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது, கோலை வளைத்துச் சட்டென்று நிறுத்தினால் போதும், மிச்சத்தை லைன் பார்த்துக்கொள்ளும். முழங்கையை விலா பக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்வீச்சில் லைன் முழுசாக நீளும் வரை காத்திருங்கள். சின்ன ஓடைக்கு 5ஆம் எண் கோல் வேண்டியதில்லை (எண் குறையக் குறைய லைனும் கோலும் லேசு), 3 அல்லது 4 இருந்தால் நாள் முழுக்க வீசலாம்.

நாய்கள் கரையில் இருந்தால் உங்கள் பின்வீச்சு எங்கே போகிறது என்று ஒவ்வொரு முறையும் தெரிந்திருக்க வேண்டும். தூண்டில் முள்ளில் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூர்முனையை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனை விடுவதும் சுலபம், நாயின் உதட்டில் ஏறினாலும் வந்த வழியே வந்துவிடும். வெட்டி எறிகிற தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) துண்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், குட்டி விழுங்கினால் குடலில் சிக்கும்.

ஏரியில் நீந்தியவர் என்றால் வெட்சூட் என்கிற நீச்சல் உடையையும் ஓடை பூட்ஸையும் கழுவி, நன்றாகக் காயவைத்துவிட்டு அடுத்த நீர்நிலைக்குப் போங்கள், ஒரு நீரின் பாசியையும் நோயையும் இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஏரி மேல் பச்சைப் பெயிண்ட் கொட்டியது போலப் படலம் தெரிந்தால் நீங்களும் இறங்காதீர்கள், நாயையும் விடாதீர்கள். நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும்.

ஒற்றைச்சக்கரம் பதில்:

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. ஏன் அரை தூரம்? 1.5 கி.மீ., 40 கி.மீ., 10 கி.மீ. என்ற ஒலிம்பிக் தூரத்துக்கு மாறினால் வாரத்துக்கு ஆறு ஏழு மணி நேரத்திலேயே நன்றாகத் தயாராகலாம். 2000இல் சிட்னியில் ஒலிம்பிக்ஸுக்குள் வந்த தூரம் அதுதான், அதைச் சின்னப் போட்டி என்று யாரும் சொல்ல முடியாது. நாய்க்கு ஐந்து வயது என்கிறீர்கள். அரை தூரம் அடுத்த வருஷமும் இருக்கும், அதற்கடுத்த வருஷமும் இருக்கும். கருப்பி மலை ஏறுகிற வருஷங்களுக்குக் கணக்கு இருக்கிறது.

ஈரக்கால்:

எல்லோருக்கும் நன்றி. ஒற்றைச்சக்கரம், உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். போட்டியை மாற்றப்போவதில்லை, ஆனால் அடுத்த வருஷம் ஒலிம்பிக் தூரத்துக்கு மேல் பதிவு செய்ய மாட்டேன் என்று முடிவெடுத்துவிட்டேன். சைலிட்டால் விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. உடனே போய்ப் பையைத் திறந்து பார்த்தேன், ஒரு சூயிங்கம் டப்பாவில் இருந்தது. பை இப்போது அலமாரியின் மேல்தட்டில்.

ஒரு கேள்வி மிச்சம். மேட்டுவழி, நீரின் வெப்பத்தை எங்கே வைத்துப் பார்ப்பீர்கள்? கரையோரமா, நடுவிலா?

மேட்டுவழி:

கரையோரத் தேங்கலில் வைக்காதீர்கள், அது வெயிலில் சூடாகியிருக்கும். நீர் ஓடுகிற இடத்தில், நிழலில், முழங்கால் ஆழத்தில் ஒரு நிமிஷம் பிடியுங்கள். போனதும் ஒருமுறை, அப்புறம் மணிக்கு ஒருமுறை.

ஈரக்கால் (மூன்று வாரம் கழித்து):

சொன்னபடியே மாற்றிவிட்டேன். புதன் விடியலில் ஓட்டம், ஞாயிறு சைக்கிள், சனிக்கிழமை ஓடை. முதல் சனிக்கிழமை ஐந்தே முக்காலுக்கு நீர் 14 டிகிரி இருந்தது. குட்டியை நீளக் கயிற்றில் ஒரு மரத்தடியில் கட்டினேன், முதல் அரை மணி நேரம் குரைத்துத் தீர்த்தது, அப்புறம் கருப்பியின் முதுகில் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. ஒன்பது மணிக்குள் இரண்டு டிரவுட், சின்னவைதான், கையை நனைத்துக்கொண்டு நீருக்குள்ளேயே முள்ளை எடுத்து விட்டேன். பத்தரைக்குப் பார்த்தால் 19, கோலைச் சுருட்டிவிட்டேன். முழங்கையை விலாவோடு வைத்து வீசியதில் தோள் அன்று தொந்தரவு கொடுக்கவில்லை, இரண்டாவது வாரம் லேசாகப் பிடித்தது, அதனால் வெள்ளிக்கிழமை நீச்சலை வியாழனுக்கு மாற்றியிருக்கிறேன்.

மலைநாள் அடுத்த வாரம், கருப்பியோடு மட்டும். குட்டியை அன்று என் தங்கை பார்த்துக்கொள்கிறாள். ஷூ சத்தத்துக்குக் கருப்பி இன்னும் கதவடியில் வந்து படுக்கத்தான் செய்கிறாள், ஆனால் சனிக்கிழமை கோல் குழாயை எடுத்தால் எழுந்து தன் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு எனக்கு முன்னால் காரடியில் நிற்கிறாள்.