வாரப் புதிர் போடும்போது என்ன பாட்டு கேட்பீர்கள்?

அம்மாபேட்டைவாசி:
வணக்கம் நண்பர்களே, சேலத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு வருடமாக தி வீக்லி சேலஞ்ச் என்ற இணையத் தளத்தின் நிரல் புதிர்களைப் பைத்தான் மொழியில் போட்டு வருகிறேன். 2019ல் பெர்ல் என்ற நிரல் மொழி ஆட்கள் ஆரம்பித்தது, வாரத்துக்கு இரண்டு புதிர், ஞாயிறு வரை நேரம் உண்டு, வேறு மொழியில் எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, புதிர் முடியும்வரை அதையே திரும்பத் திரும்ப ஓடவிடுவேன். நோட்டில் புதிர் எண்ணுக்குப் பக்கத்தில் பாட்டின் பெயரும் இருக்கும். ஆறு மாதம் கழித்து டவுன் பஸ்ஸில் அந்தப் பாட்டு கேட்டால், நிரலில் எந்த லூப்பில் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில்) எண்ணிக்கை ஒன்று தள்ளிப் போய் மண்டை காய்ந்தேன் என்பதுவரை ஞாபகம் வந்துவிடும்.

ஆனால் சில வாரம் பாட்டே கெடுத்துவிடுகிறது. போன வாரம் கேள்வியை நாலு தடவை படித்தும் ஏறவில்லை, பாட்டு வரிதான் ஏறியது. நிறுத்தவும் முடியாது, பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. எந்த மாதிரிப் புதிருக்கு எந்த மாதிரி இசை சரியாக வரும்?

நாகலூர் மிளகு:
கேள்வியைப் படிக்கும்போது சொல் உள்ள பாட்டு வேண்டவே வேண்டாம். அதுவும் தமிழ்ப் பாட்டு என்றால் காது தானாக வரியைப் பிடித்துக்கொள்ளும். நான் ஏற்காட்டுக்காரன். சேலம் வந்து திரும்பும் நாளில் அடிவாரத்தில் புதிரைப் படித்துவிட்டு போனைப் பையில் போட்டுவிடுவேன். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் பாதி வழி பிடிபட்டிருக்கும். வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்யும்போதுதான் இசை. இளையராஜா 1986ல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ எனக்கு அலுக்கவே இல்லை, வார்த்தை இல்லாத கருவி இசை. முடித்தபிறகு பிழை தேடும் நேரத்தில் மறுபடி அணைத்துவிடுவேன்.

குகை மிருதங்கம்:
பாட்டைப் பின்னணியாக மட்டும் ஏன் வைக்கிறீர்கள் தம்பி? புதிரின் கணக்குக்கும் இசையின் கணக்குக்கும் பொருத்தம் பாருங்கள். வகுத்து மீதி பார்க்கும் புதிர், சுற்றிச் சுற்றி வரும் வரிசை, இதற்கெல்லாம் நான் தனியாவர்த்தனம்தான் (கச்சேரியில் மிருதங்கம் தனித்து வாசிக்கும் பகுதி) போடுவேன். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், அதாவது ஒரு சுற்று, 8 அட்சரம், அட்சரத்துக்கு 4 மாத்திரை, மொத்தம் 32. முடிப்பாக வரும் தீர்மானம் என்றால் ஒரே சொற்கட்டு (தாளச் சொற்களின் கோவை) மூன்று முறை, நடுவே இரண்டு கார்வை (இடைவெளி), அதாவது 3x + 2y = 32. சொற்கட்டு 10 என்றால் கார்வை 1, 8 என்றால் 4, 6 என்றால் 7. ஒற்றைப்படைச் சொற்கட்டு சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் அடியில், விழவே விழாது. குரு இதைக் கையில் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுத்தபோது அது சமன்பாடு என்று எனக்குத் தெரியவில்லை, நிரல் எழுதப் பழகிய பிறகுதான் உறைத்தது.

இன்னொன்று, 72 மேளகர்த்தா, அதாவது கர்நாடக இசையின் தாய் ராகங்கள். ச, ப நிலையானவை, ரி-க சேர்க்கை 6, த-நி சேர்க்கை 6, மத்யமம் 2, பெருக்கினால் 72. மூன்று லூப்பில் முடிந்துவிடும். அப்புறம் எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறைக்கு நிரல் எழுதிப் பாருங்கள்: ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்கு எண் எடுத்துத் திருப்பிப் போட்டால் மேள எண் வரும். மேசகல்யாணியில் மே 5, ச 6, திருப்பினால் 65. மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, திருப்பினால் 15. ஆனால் தமிழ் எழுத்தில் உள்ளீடு கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். கடபயாதியில் வடமொழியின் நாலு ககரத்துக்கும் தனித்தனி எண், நமக்கோ ஒரே க. கரகரப்பிரியாவின் க அங்கே இரண்டாம் ககரம், அதனால் 22 வரவேண்டும். க என்றாலே 1 என்று எழுதிவைத்தால் 21 வந்து கீரவாணியாகிவிடும். தேவநாகரியில் கொடுங்கள்.

எழுதும்போது அந்தந்த ராகத்தையே கேளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், ராகமும் நின்றது, நிரலும் நின்றது.

தறிவீட்டுப் பையன்:
எங்கள் வீட்டிலேயே தறி. லீட்கோடு என்ற நிரல் பயிற்சித் தளத்தின் வாரப் போட்டி நமக்கு ஞாயிறு காலை 8 மணி, 90 நிமிடத்தில் 4 கணக்கு. அதற்குப் பாட்டு போட்டுப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. இப்போது தறிச் சத்தத்திலேயே உட்காருகிறேன். ஒரே சீராக ஓடும்வரை காதுக்கே தெரியாது, நூல் அறுந்து நின்றால்தான் தலையைத் தூக்குவேன். ஒரு வாரம் தறிச் சத்தத்தைப் பாட்டால் மறைக்காமல் இருந்து பாருங்கள் அண்ணா.

அம்மாபேட்டைவாசி:
அனைவருக்கும் நன்றி. சனிக்கிழமை தறிச் சத்தத்தோடு கேள்வியைப் படித்தேன், இரண்டாவது வாசிப்பிலேயே புரிந்தது. எழுதும்போது மட்டும் கல்யாணி ஆலாபனை, வீணையில்.

குகை அண்ணா, கடபயாதியும் எழுதிவிட்டேன், தேவநாகரியில்தான். ஒரு இடத்தில் ரொம்ப நேரம் திணறினேன். நாடகப்பிரியாவில் நா 0, ட 1. நான் முதலில் முழு எண்ணாக மாற்றிவிட்டு அப்புறம் திருப்பியதால் முன்னால் இருந்த சுழி காணாமல் போய் 10க்குப் பதில் 1 வந்தது, கனகாங்கி என்று காட்டியது. எண்ணாக மாற்றாமல் எழுத்துச் சரமாகவே வைத்துத் திருப்பியதும் சரியாகிவிட்டது. நோட்டில் இந்த வாரத்துக்கு நாடகப்பிரியா என்று எழுதியிருக்கிறேன். அந்த ராகத்தில் வாத்தியக் கச்சேரிப் பதிவு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.