சி மொழியில் நட்சத்திரப் பிரமிடு: முதல் வரியில் மட்டும் வெற்றிடம் வருகிறது

முதலாண்டு மாணவன்:
வணக்கம். 5 வரிப் பிரமிடு போடப் பார்க்கிறேன். வருவது இதுதான்:

```
    *
***
*****
*******
*********
```

நட்சத்திரங்கள் 1, 3, 5, 7, 9 என்று சரியாக இருக்கின்றன. ஸ்பேஸ் மட்டும் முதல் வரியோடு நின்றுவிடுகிறது. எரர் எதுவும் காட்டவில்லை. வெளி லூப்பில் ஐ 1 முதல் 5 வரை. உள்ளே வைல் லூப், கே <= 5 - ஐ இருக்கும் வரை ஸ்பேஸ் அடிக்கும். பிறகு ஃபார் லூப்பில் நட்சத்திரம். நாளை மறுநாள் லேப் தேர்வு, உதவுங்கள்.

பழைய மாணவன்:
பைத்தானில் ஸ்ட்ரிங்கை எண்ணால் பெருக்கினால் போதும், உள் லூப்பே வேண்டாம்.

லேப் அக்கா:
தேர்வில் கேட்பது லூப்தானே, அதையே சரிசெய்வோம். தம்பி, கே = 1 என்று எங்கே எழுதியிருக்கிறாய்?

முதலாண்டு மாணவன்:
மெயினுக்குள், வெளி லூப்புக்கு மேலே.

லேப் அக்கா:
அங்கேதான் சிக்கல். தாளில் ஓட்டிப் பார். ஐ 1 என்றால் எல்லை 4. கே நான்கு ஸ்பேஸ் அடித்துவிட்டு 5 ஆகி வெளியே வருகிறது. அடுத்து ஐ 2, எல்லை 3. கே இன்னும் 5-லேயே நிற்கிறது, அதனால் வைலுக்குள் நுழையவே இல்லை. கடைசி வரி வரை இதே கதிதான். நட்சத்திர லூப் ஏன் தப்பியது? ஃபாரின் தலைப்பிலேயே ஜே = 1 இருக்கிறது; ஒவ்வொரு வரிக்கும் புதிதாகத் தொடங்கும். வைலுக்கு அந்த வசதி இல்லை. கே = 1 என்பதை வெளி லூப்புக்குள், வைலுக்குச் சற்று மேலே வை.

முதலாண்டு மாணவன்:
வந்துவிட்டது அக்கா, ரொம்ப நன்றி! அப்புறம் வைர வடிவமும் போட்டேன். கீழ்ப்பாதிக்கு ஐ 5-லிருந்து 1 வரை இறங்குகிறது. 9 நட்சத்திர வரி இரண்டு தடவை வருகிறதே?

லேப் அக்கா:
அந்த வரியை மேல்பாதியே அடித்துவிட்டது. கீழே ஐ-யை 4-ல் தொடங்கு. ஸ்பேஸ் 5 - ஐ, நட்சத்திரம் 2 * ஐ - 1, இரண்டையும் மாற்ற வேண்டாம். சரியா என்று பார்க்க நட்சத்திரங்களை எண்ணு: மேலே 25, கீழே 16, மொத்தம் 41.

முதலாண்டு மாணவன்:
41 வருகிறது அக்கா. இப்போது 7 வரிக்குத் தாளில் ஓட்டிப் பார்க்கிறேன்.