சில்வர் ஓக் பலகை அடித்தும் ஒலிப்பதிவு அறையில் எதிரொலி அடங்கவில்லை

கேள்வி, கோத்தகிரியிலிருந்து:
வணக்கம். வீட்டின் பின்னறையை ஒலிப்பதிவு அறையாக்கி வருகிறேன்; நீளம் 12 அடி, அகலம் 10 அடி. தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்களை வெட்டியபோது கிடைத்த பலகைகளை, நீளச் சுவர்கள் இரண்டிலும் இடைவெளி விடாமல் நேரடியாக அடித்தேன். மரம் ஒலியை உறிஞ்சும் என்று நம்பினேன். ஆனால் கை தட்டினால் ‘ட்ர்ர்’ என்ற நடுக்கம் தொடர்கிறது, குரலும் டப்பாவுக்குள் பேசியதுபோல் பதிவாகிறது. போதாக்குறைக்கு, தபேலாவின் டக்காவை, அதாவது அடித்தொனி தரும் பெரிய முரசை, தட்டினால் ஏதோ ஒரு பலகை கிர்ரென்கிறது. எல்லாவற்றையும் பிடுங்கத்தான் வேண்டுமா?

பதில், குன்னூரிலிருந்து:
ஒரு சுவரின் பலகைகளை மட்டும் கழற்றினால் போதும். சுவரோடு ஒட்டிய தடித்த பலகை, பூச்சுச் சுவரைப் போலவே பேச்சொலியைத் திருப்பி அனுப்பும். சுவர்கள் 10 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்பதால், கைதட்டல் நொடிக்கு ஏறக்குறைய 56 முறை போய்வருகிறது. அந்த நடுக்கம் அதுதான். அதே அகலம் 56 ஹெர்ட்ஸிலும் 112 ஹெர்ட்ஸிலும் அறையை முழங்க வைக்கும். பின்னது ஆண்குரலின் அடிச்சுருதி விழும் இடம்.

4 அங்குலச் சட்டம் அடித்து, 2 அங்குல ராக்வூலை (கல்லிழைப் பஞ்சு) துணியில் பொதிந்து முன்பக்கமாக நிறுத்தி, அதன்மேல் பலகைகளை இடைவெளி விட்டு அடியுங்கள். இடைவெளி குறுகக் குறுக, பலகைக்குப் பின்னுள்ள குழி ஆழமாக ஆக, உறிஞ்சப்படும் சுருதி கீழிறங்கும் என்பதால், இடைவெளிகளை ஒரே அளவில் விடாதீர்கள். ராக்வூல் கற்சுவரைத் தொடக் கூடாது. ஐப்பசி மழையில் உங்கள் ஊர்ச் சுவர் வியர்ப்பது உங்களுக்கே தெரியும். 56 ஹெர்ட்ஸ் இதற்குப் பிடிபடாது. அதற்கு மூலைகளில் தரை முதல் கூரை வரை ராக்வூலைத் தடிமனாக அடுக்க வேண்டும்.

பதில், உதகையிலிருந்து:
தம்பி, நான் தச்சு வேலை செய்கிறவன். மரம் வெட்டி எத்தனை மாதம் ஆயிற்று? ஈரம் காயாத பலகை, அறைக்குள் ஹீட்டர் வைத்ததும் சுருங்கி ஆணியை விட்டுவிடும். கைப்பேசிச் செயலியில் 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஸ்பீக்கரில் விட்டு, ஒவ்வொரு பலகையாக உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள்.

கேட்டவர்:
வெட்டி மூன்று மாதந்தான் ஆகிறது, ஐயா. ஜன்னலோரம் கீழிருந்து மூன்றாவது பலகையை அழுத்தியதும் ஓசை நின்றது. ஆணித் தலை ஒரு நூல் வெளியே வந்திருந்தது. கழற்றும் பலகைகளைக் காய வைத்து, இம்முறை திருகாணி போடுகிறேன்.